பதினேழாம் பாத்தி, அத்திப்பட்டு

உப்பு பார்க்கும் கண்ணாடிக் குழல்
பதினொன்றில் மிதந்தது.
"இன்னும் நாலு நாள் வெயிலு கரீட்டா அடிச்சா
அடுத்த பாத்திக்கு மடைய தொறந்துடலாம்"
என்றார் முனிரத்தினம்.
நான் குனிந்து ஐம்பது மில்லி மொண்டுகொண்டேன்.
வியர்த்த விரலில்
பேனா தேதி எழுத மறுத்தது.

இந்த நீரில் ஒரு பாக்டீரியா இருக்கிறது.
போன வாரம் எண்ணூர்க் கழிமுகத்தில் இருந்தது,
பம்பு உறிஞ்சி இங்கே துப்பியது.
வெயில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகப் போக
வெளியே உப்பு ஏறுகிறது.
உப்பு உள்ளே புகுந்து கடிப்பதில்லை,
வெளியே சும்மா நிற்கிறது.
உள்ளிருக்கும் தண்ணீர்தான்
சொல்லாமல் கொள்ளாமல்
சவ்வு வழியே நழுவி அதனிடம் போய்விடுகிறது.

உப்பு வைத்தால் நார்த்தங்காய் சுருங்கி
ஊறுகாய் ஆகிறது.
காசிமேட்டில் வயிறு கீறிக் கல்லுப்பு அடைத்தால்
வஞ்சிரம் கருவாடு ஆகிறது.
இது எதுவாகவும் ஆகாமல்
முதல் சில நொடிகளில்
அகப்பட்டதை அள்ளி உள்ளே போடுகிறது:
பொட்டாசியம்.
மீட்டர் வட்டிக்கு வாங்கின காசு மாதிரி அது,
அந்த நேரத்துக்கு ஆகும்,
கையிலேயே வைத்திருந்தால் வீட்டு வேலை கெடும்.
அதனால் அதை மெல்ல வெளியேற்றி
பீட்டைன், புரோலின் என்று
யார் காரியத்திலும் தலையிடாத மூலக்கூறுகளைச்
சேர்க்கத் தொடங்குகிறது.
செத்த பாசியிலிருந்து கசிந்து கிடைத்தால் லாபம்.
தானே செய்வது செலவு,
வேறு வழியில்லாதபோதுதான்.
உள்ளே கூட்டம் சேரச் சேர
போன தண்ணீர் திரும்பி வருகிறது.
உடம்பு உப்புகிறது, நிமிர்கிறது,
இரண்டாகப் பிரிகிறது.

சொன்னேன் முனிரத்தினத்திடம்.
"அப்ப அதுவும் சீட்டு கட்டுதுன்னு சொல்லு மேடம்"
என்று பீடியைக் கிள்ளிக் காதில் செருகினார்.

வியாழன் ராத்திரி கோடை மழை.
தண்டையார்பேட்டை மாடியறைத் தகரத்தில்
முதல் துளிக்கே விழித்துவிட்டேன்.
முதலில் நினைத்தது பாக்டீரியாவை.
முனிரத்தினத்தின் கூலி இரண்டாவதாகத்தான் வந்தது.
இதை அவரிடம் சொல்லப்போவதில்லை.

நல்ல தண்ணீர் நாலு பக்கமும்.
இப்போது சேர்த்ததுதான் பகை.
சேர்த்ததை நோக்கி நீர் பாய்கிறது,
சவ்வு விம்மி இழுபடுகிறது.
அந்த இழுப்பிலேயே திறந்துகொள்ளும் கதவுகள்
சவ்வுக்குள் புதைந்திருக்கின்றன.
தட்ட ஆள் வேண்டாம், சாவி கிடையாது.
கண் இமைப்பதற்குள் திறந்து
பொறுக்கியது, செய்தது,
எது எதென்று பாராமல்
எல்லாம் வெளியே.
போக வேண்டாததும் கொஞ்சம் போயிருக்கும்.
இமை விழுவதற்குள் மூடிக்கொள்கிறது.
கதவு சரியாகத் திறக்காதவை
தகரச் சத்தத்துக்கு நடுவே
வெடித்துக்கொண்டிருக்கும் என்று
படுத்தபடி நினைத்துக்கொண்டேன்.
அவ்வளவு சின்னச் சாவுக்குச் சத்தம் ஏது.

வெள்ளிக்கிழமை
அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் கழுவி விட்டாற்போல் நின்றன.
பக்கத்துப் பாத்தியில் வாரிக் குவித்த உப்பு
பாதி கரைந்து, விளிம்பு மழுங்கி.
முனிரத்தினம் முழங்கால் சேற்றில்
வரப்பை ஒரு சாண் வெட்டி
மேல்தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார்.
"மழத்தண்ணி கனம் கெடயாது, மேலாக்கா நிக்கும்.
பைய வுட்டா அடியில இருக்கறது தங்கும்."
அவசரப்பட்ட மண்வெட்டியை
ஒருமுறை தானே திட்டிக்கொண்டார்.
குழல் ஆறைக் காட்டியது.
"உன் ஆளு?" என்றார்.
"லேப்ல தட்டுல போட்டாத்தான் தெரியும்."

திங்கட்கிழமை எண்ணினேன்.
மழைக்கு முன் தட்டில் இருநூற்றுச் சொச்சம்,
இப்போது நாற்பத்தொன்று,
வெளிர்மஞ்சளாய், கடுகளவு.
போனில் சொன்னேன்.
"நாப்பத்தியொண்ணா? நம்மளுக்குத் தேவல" என்றவர்
பம்பு சத்தத்தில் இன்னும் ஏதோ கத்தினார்.
கேட்கவில்லை.